மஞ்சள் தண்ணீரால் வீடு துடைத்த கதை

பயந்தவன் கையில் வாளி கிடைத்தால் வீடு உருப்படாது. இதை நான் சொந்த வீட்டிலேயே நிரூபித்திருக்கிறேன்.

எங்கள் மகள் குறைமாதத்தில் பிறந்தவள். பிறந்ததும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். அதிலிருந்து மீண்டு, டி. கல்லுப்பட்டியில் என் மாமியார் வீட்டில் தேறி, ஐந்தாம் மாதம் ஒத்தக்கடையில் உள்ள எங்கள் வீட்டுக்கு முதன்முறையாக வரவிருந்தாள். "கையக் கழுவுங்க, தரையச் சோப்புத் தண்ணியில தொடைங்க, போதும்" என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். எனக்குப் போதவில்லை. கடையில் வாங்கிய கிருமிநாசினியைத் திறந்து முகர்ந்தேன். எனக்கே மூச்சை அடைத்தது. அந்தப் பிஞ்சு தாங்குமா? நானே ஒன்றைத் தயாரிப்பது என்று முடிவு செய்தேன். (முன் அனுபவம்: ஒருமுறை ரசம் வைத்திருக்கிறேன்.)

வேப்பிலையைக் கொதிக்கவைத்து மஞ்சள்தூள் போட்டேன். அம்மை கண்ட வீட்டுக்கே நாம் நம்புவது வேப்பிலையையும் மஞ்சளையும்தானே? ஒரு கரண்டி போதும் என்றது அறிவு. பயம் பாக்கெட்டையே கவிழ்த்தது. தரை, கதவுக் கைப்பிடி, தொட்டில் கம்பி என்று ஒன்றையும் விடவில்லை. தரை முழுக்க வெள்ளை டைல்ஸ். (வெள்ளைதான் வேண்டும் என்று வீடு கட்டும்போது சண்டை போட்டவனும் நானே.)

காய்ந்ததும் பார்த்தால் வீட்டுக்கே மஞ்சள்காமாலை. வெறும் தண்ணீருக்கு அது அசையவில்லை. சோப்புத்தூளைக் கரைத்து ஊற்றித் தேய்த்தேன். (டாக்டர் சொன்ன இடத்துக்கு ஒருவழியாக வந்து சேர்ந்தேன்.) தரை குபீரென்று சிவந்தது. தேய்க்கத் தேய்க்க இன்னும் சிவந்தது.

அந்த நேரம் பார்த்து, குழந்தைக்கு ஆரத்தி எடுப்பதற்காகக் காளவாசலிலிருந்து என் அக்கா வந்தாள். வாசலைத் தாண்டவில்லை.

"ஏன்டா, எங்கடா அடிபட்டுச்சு?"

"அடியெல்லாம் இல்லக்கா. மஞ்சத்தண்ணி வச்சுத் தொடச்சேன். அது போகலைன்னு சோப்புத்தூளு போட்டேன்..."

அக்கா பையைத் திறந்து காட்டினாள். உள்ளே மஞ்சள் பொட்டலமும் சுண்ணாம்பு டப்பாவும் இருந்தன.

"மஞ்சள்ல சுண்ணாம்பு விழுந்தா செவக்கும். சோப்புத்தூளு விழுந்தாலும் அதே கததான். ஊரு உலகத்துல ஆரத்தியத் தட்டுல கரைப்பாங்க, நீ வீடு பூராம் கரைச்சு வச்சிருக்க. நான் எதுக்குடா இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்தேன்?"

அதற்குள் கார் வந்து நின்றது. என் மனைவி செல்வி குழந்தையோடு இறங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். கூடவே இறங்கிய மாமியார் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். சிவந்த வெள்ளத்தின் நடுவே சிவந்த வேட்டியோடு நான். அக்கா நடந்ததைச் சொல்லச் சொல்லச் செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"ஆஸ்பத்திரியில இருந்த அம்புட்டு நாளும் ஒண்ணும் ஆகாதுன்னு எங்களுக்குத் தைரியம் சொன்னீங்களே. நீங்க இம்புட்டுப் பயந்தா கெடந்தீங்க?"

ஆமாம், பயந்துதான் கிடந்தேன். அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்றபோதெல்லாம் அவள் மூச்சைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆண்பிள்ளை அழுதால் வீட்டார் உடைந்துபோவார்கள் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். அன்று ஈர வேட்டியோடு நின்று, எல்லார் முன்னாலும் அழுதேன். குழந்தை கொட்டாவி விட்டாள்.

தரை ஒருவழியாக வெளுத்தது. டைல்ஸ் இடுக்குகளில் பூசிய வெள்ளைச் சிமெண்டில் மட்டும் அந்தச் சிவப்பு போகவே இல்லை. மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் கையைப் பிடித்து இழுத்துப்போய் அந்த இடுக்கைக் காட்டுகிறாள்.

"எல்லாப் பிள்ளைகளுக்கும் அத்தைதான் ஆரத்தி எடுப்பாங்க. எனக்கு எங்கப்பா எடுத்தாரு. பாருங்க, இன்னும் அழியல."