பல்லில்லாத பன்னிரண்டு சாவிகள்

வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு, மச்சான் இரண்டாம் தடவை தட்டை நீட்டும் சமயத்தில், இருபத்திரண்டு வருட மணவாழ்க்கையில் முதல் முறையாகத் தான் சொன்னது சரி என்று நிரூபித்துவிடுவது என்று சாவிக்காரர் முடிவு செய்தார்.

சாதாரண முடிவு அல்ல. இதற்கு முன் அவர் எடுத்த பெரிய முடிவு கல்யாணம். அதைக்கூட அவர் எடுக்கவில்லை, தலையாட்டினார்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், படுத்தால் கால் வெளியே நீட்டிக்கொள்ளும் அளவில் அவருக்கு ஒரு கடை. எந்தப் பூட்டாக இருந்தாலும் மூன்று நிமிடம். அலமாரிப் பூட்டு, கார் பூட்டு, அப்பா செத்துப் போய் எண்ணைச் சொல்லாமல் விட்டுப் போன இரும்புப் பெட்டி, எதுவானாலும் காதை வைத்துக் கேட்டுத் திறந்துவிடுவார். வீட்டில் அவரால் திறக்க முடியாதது அவருடைய வாய் ஒன்றுதான்.

அதற்குக் காரணம் ஒரு சலவை மெஷின்.

ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு கம்ப்யூட்டர்காரர் வீட்டுக் கதவைத் திறக்கப் போனார். கதவு மூன்று நிமிடத்தில் திறந்தது. கம்ப்யூட்டர்காரரின் வாய் மூன்று மணி நேரம் மூடவில்லை. இணையத்தில் ஒரு காசு இருக்கிறதாம். அரசாங்கம் அச்சடிக்காதாம். கள்ள நோட்டு அடிக்க முடியாதாம். பூட்டு என்று ஒன்று இருந்தால் அதுதான் பூட்டு என்றார். பூட்டு என்ற சொல்லில் சாவிக்காரர் விழுந்துவிட்டார். சலவை மெஷினுக்காக மனைவி மருந்துக் கடைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு போய், அந்தக் காசில் இரண்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"டப்பாவுல இருந்த பணம் எங்கங்க?"

"காசு வாங்கிட்டேன்."

"பணத்தைக் குடுத்துக் காசா? எங்க, காட்டுங்க."

"காட்ட முடியாதும்மா. அது கண்ணுக்குத் தெரியாது."

"டப்பாவுல இருந்தது கண்ணுக்குத் தெரிஞ்சுதே!"

"இது அதைவிடப் பத்திரம்."

"ஆமா, ஆமா. எனக்கே கிடைக்காத அளவுக்குப் பத்திரம்."

அதன் பிறகு மூன்று வருடம் அவள் கையால் துவைத்தாள். துவைகல்லில் விழுந்த ஒவ்வோர் அடியும் சாவிக்காரரின் முதுகில் விழுந்தது. சட்டைக் காலரைத் தேய்க்கும்போது அவள் முகத்தில் தெரிந்த திருப்தியைப் பார்த்து, அந்தச் சட்டைக்குள் தான் இல்லாததற்கு அவர் கடவுளுக்கு நன்றி சொன்ன நாட்கள் உண்டு.

நான்காம் வருடம் ஒரு மினி லாரியில் சலவை மெஷின் வந்து இறங்கியது. "எங்க அண்ணன் வாங்கிக் குடுத்தது" என்றாள்.

அன்றோடு சாவிக்காரரின் முதுகெலும்பு கழன்றது. மச்சான் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். ஞாயிறுதோறும் சாப்பிட வருவார். மின்விசிறிக்குக் கீழே இருக்கும் நாற்காலி அவருக்கு. அவர் ஜோக் அடித்தால் சாவிக்காரர் சிரிக்க வேண்டும். அவர் வீட்டுப் பூட்டு, கார் பூட்டு, டிரைவிங் ஸ்கூல் ஷட்டர் எல்லாம் இலவசம்.

"மாப்ள, வாழ்க்கையில எங்க பிரேக் போடணும்னு தெரியணும். நீங்க கியர் மாத்துற இடத்துல பிரேக் போடுவீங்க, பிரேக் போடுற இடத்துல கண்ணை மூடுவீங்க."

"ஹஹ்ஹா, சரிதான் மச்சான்."

ஆறு வருடம் இப்படிச் சிரித்ததில் அவருக்குத் தாடையில் ஒரு வலி நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

ஆனால் சாவிக்காரர் ஒரு விஷயத்தில் மட்டும் அசையவில்லை. காசு வாங்கிய அன்றே கம்ப்யூட்டர்காரர் பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வார்த்தைகள். இந்தப் பன்னிரண்டும் வரிசை மாறாமல் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர். பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது, தொலைந்தால் போய் அழ ஆபீஸ் கிடையாது. சாவிக்காரர் யோசித்தார். தாள் நனையும், எரியும், கரப்பான் தின்னும். கடையிலிருந்து பன்னிரண்டு புதுச் சாவி எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வார்த்தையை ஊசி முனையால் பொறித்தார். வீட்டுப் பரணில், உதவாத பழைய சாவிகள் இருநூறு கிடந்த தகர டப்பாவுக்குள் அவற்றைப் போட்டுக் குலுக்கினார். மரத்தை ஒளிக்க வேண்டும் என்றால் காட்டில் ஒளி. சாவியை ஒளிக்க வேண்டும் என்றால்? தாளைத் தின்றுவிடலாமா என்றுகூட யோசித்து, கடைசியில் கொளுத்தினார்.

அதன் பிறகு ஒன்பது வருடம் அந்தக் காசு என்ன ஆனது என்று அவர் எட்டியும் பார்க்கவில்லை. அது அவருடைய தொழில் சித்தாந்தம். பூட்டிய பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பவன் வீட்டைத்தான் திருடன் குறித்துக்கொள்வான்.

அந்தச் சித்தாந்தத்தை அசைத்தவர் மேல்வீட்டுக் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்றவர். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்; அந்த அழுத்தத்தை மற்றவர்களுக்கு ஏற்றுகிறவர். புதன்கிழமை காலை செய்தித்தாளைச் சுருட்டிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"பாத்தீங்களா சார், பல வருஷமாத் தூங்கிட்டிருந்த கணக்கு ஒண்ணு திடீர்னு முழிச்சிருக்கு! ஆரம்ப காலத்துல வாங்கின இணையக் காசு. யாரு, எந்த ஊரு, ஒண்ணும் தெரியாது. உலகமே மண்டையைப் பிச்சுக்குது."

"யாரா இருக்கும் சார்?"

"நான் ஒரு நோட்டுப் புத்தகமே போட்டிருக்கேன். செத்துப் போனவங்க, வார்த்தையைத் தொலைச்சவங்க, ஜெயில்ல இருக்கறவங்கன்னு பிரிச்சு வச்சிருக்கேன். இதுல எதுலயும் வராம சும்மா உக்காந்திருக்கறவன் இருக்கான் பாருங்க, அவன் மனசு இரும்பு. விலை ஏறினாலும் தொடமாட்டான், இறங்கினாலும் தொடமாட்டான். நிச்சயமாக் கல்யாணம் ஆகாதவன்."

"ஏன் சார்?"

"பொண்டாட்டி இருந்தா விட்டு வைப்பாளா?"

சாவிக்காரர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார். "இப்போ ஒரு காசு என்ன விலை போகும்?"

வாத்தியார் சொன்னார். சாவிக்காரர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். இரண்டு காசுக்கு ஒரு வீடு வரும். அந்த வீட்டில் அறைக்கு ஒரு சலவை மெஷின் வைக்கலாம். ஒன்றை மச்சான் தலையில் வைக்கலாம்.

"சார், ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுல சாப்பிட வாங்க. உங்க லேப்டாப்பையும் எடுத்துட்டு வாங்க."

சனிக்கிழமை மாலை அவர் பரணில் ஏறி டப்பாவைக் குடைந்துகொண்டிருந்தபோது கீழேயிருந்து குரல் வந்தது.

"என்ன தேடுறீங்க?"

"சாவி."

"எதுக்குச் சாவி?"

"பூட்டுக்குத்தான்."

"எந்தப் பூட்டுக்கு?"

"நாளைக்குத் தெரியும். உனக்கும் தெரியும், உங்க அண்ணனுக்கும் தெரியும்." சொல்லிவிட்டு, இவ்வளவு கம்பீரமாகத் தான் பேசியதை நம்ப முடியாமல் அவரே திரும்பிப் பார்த்தார்.

அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அதுவே அவருக்குச் சந்தேகம் தந்திருக்க வேண்டும்.

ஞாயிறு ஒன்றரை மணி. மச்சான் இரண்டாம் தடவை தட்டை நீட்டினார். பின்கட்டில் சலவை மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. சாவிக்காரர் எழுந்து, பன்னிரண்டு சாவிகளைச் சாப்பாட்டு மேசையில் வரிசையாக அடுக்கினார்.

"என்ன மாப்ள, எனக்கு இன்னொரு பூட்டா?"

"மச்சான், இன்னிக்கு நீங்க பிரேக் போடுங்க. நான் ஓட்டறேன்."

மச்சான் கையில் எடுத்த கவளம் பாதியில் நின்றது. ஆறு வருடத்தில் மாப்பிள்ளை சிரிக்காமல் பேசி அவர் கேட்டதில்லை. சாவிக்காரர் கதை முழுவதையும் சொன்னார். இரண்டு காசு, அதன் இன்றைய விலை, ஒன்பது வருடத் தவம். பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த வாத்தியாருக்கு மாத்திரை தேவைப்பட்டது.

"சார், அது நீங்களா! இத்தனை வருஷமா நான் உலகம் பூராத் தேடிட்டிருக்கேன், நீங்க கீழ்வீட்டுல உக்காந்து சாவி போட்டுட்டிருக்கீங்க! நிஜமாவே இரும்பு மனசு சார் உங்களுக்கு!"

சாவிக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் கரண்டியோடு நின்றிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதிர்ச்சியில் உறைந்துவிட்டாள் என்று முடிவு கட்டிக்கொண்டார்.

ஒவ்வொரு சாவியாக வாசித்தார். வாத்தியார் ஒற்றை விரலால் தட்டினார். பன்னிரண்டாவது வார்த்தை முடிந்ததும் திரையில் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றி நின்றது.

"எவ்வளவு சார்?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"பூஜ்யம்."

"பூஜ்யத்துக்கு முன்னாடி என்ன இருக்கு?"

"முன்னாடியும் பூஜ்யம்தான் சார்."

சாவிக்காரர் உட்கார்ந்தார். நாற்காலி இருந்தது அவருடைய அதிர்ஷ்டம்.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடியே எடுத்திருக்காங்க" என்று வாத்தியார் திரைக்குள் தலையை விட்டார். "ரெண்டு தடவையா. முதல்ல ஓரமா ஒரு துளி கிள்ளி வித்திருக்காங்க. மறுநாள் மீதி மொத்தத்தையும் வேற ஒரு கணக்குக்கு மாத்தியிருக்காங்க. அது அப்படியே இருக்கு சார்! ஆறு வருஷமா அசையலை! எவனோ ஒருத்தன்... என்ன மனசு சார் அவனுக்கு!"

"திருடன்! வீட்டுக்குள்ளயே வந்து, என் பரண்ல ஏறி... என்ன தேதி சார்?"

வாத்தியார் தேதியைச் சொன்னார்.

சாவிக்காரருக்கு அந்தத் தேதி தெரியும். அதற்கு அடுத்த வாரம்தான் வாசலில் மினி லாரி நின்றது. அவர் மெல்லத் தலையைத் திருப்பி மச்சானைப் பார்த்தார். மச்சான் தட்டில் எதையோ தொலைத்தவர் மாதிரி தேடிக்கொண்டிருந்தார்.

"மச்சான், அந்த மெஷின் நீங்கதானே வாங்கிக் குடுத்தீங்க?"

"மாப்ள, நான் எப்பவாவது என் வாயால அப்படிச் சொல்லியிருக்கேனா? தங்கச்சி சொல்லுச்சு. நான் மறுத்துப் பேசலை. அவ்வளவுதான்."

"ஆறு வருஷமா அந்த நாற்காலியில உக்காந்தீங்களே!"

"நீங்க போட்டீங்க, உக்காந்தேன். எழுந்துக்கோன்னா எழுந்திருக்கமாட்டேனா?" என்றவர் எழுந்திருக்கவில்லை.

சாவிக்காரர் மனைவி பக்கம் திரும்பினார்.

"நீயா?"

"பின்ன? அலமாரிச் சாவியைக் காணோம்னு ஒருநாள் அந்த டப்பாவைக் கவுத்தேன். ஒவ்வொண்ணாப் போட்டுப் பாத்தேன். இருநூறு சாவிக்குப் பல்லு இருக்கு, பன்னிரண்டு சாவிக்கு மட்டும் பல்லே இல்லை. வெட்டாத சாவியை எந்தச் சாவிக்காரன் பழசோட போடுவான்?"

சாவிக்காரர் தலைகுனிந்தார். வெட்டாமல் விட்டதற்குக் காரணம் இருந்தது. வெட்டாத சாவியை என்றைக்காவது யாருக்காவது விற்கலாம், வெட்டினால் வீண். அந்தப் பன்னிரண்டு சாவியின் விலையை மிச்சம் பிடிக்கத்தான் இத்தனையும்.

"அதுல வேற ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டு வச்சிருந்தீங்க, எனக்குக் கஷ்டம் இருக்கக் கூடாதுன்னு."

"எழுத்து ஊசி முனை அளவுதானே இருக்கும்? எப்படிப் படிச்சே?"

"மருந்துக் கடையில நான் தினம் டாக்டருங்க எழுத்தைப் படிக்கறேன். உங்க எழுத்து எனக்கு அச்சு."

"அதை வச்சு என்ன பண்றதுன்னு யாரு சொல்லிக் குடுத்தது?"

அவள் வாத்தியாரைப் பார்த்தாள். வாத்தியார் தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

"சார் மாத்திரை வாங்க வந்தாரு. சம்பந்தமே இல்லாம பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தை இருந்தா அது என்ன சார்னு ஒரு கேள்விதான் கேட்டேன். ஒரு மணி நேரம் பாடம் நடத்தினாரு. எப்படி எடுக்கறது, எப்படி விக்கறது, வேற கணக்குக்கு எப்படி மாத்தறதுன்னு எல்லாம். வரிசையில இருந்தவங்க கத்தினாங்க."

"யாருக்குன்னு நான் கேக்கவே இல்லையே!" என்றார் வாத்தியார், யாரிடம் என்று இல்லாமல்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார் சாவிக்காரர்.

"சொல்லியிருந்தா? விலை ஏறின அன்னிக்கு ஒரு தடவை நெஞ்சைப் பிடிப்பீங்க, இறங்கின அன்னிக்கு ஒரு தடவை பிடிப்பீங்க. ரெண்டாவது மாசம் வித்துட்டு மூணாவது மாசம் அழுவீங்க. தெரியாம இருந்ததாலதான் தவம் பண்ணீங்க."

சாவிக்காரருக்கு மூச்சு திரும்பியது. அப்படியென்றால் போகவில்லை. இருக்கிறது. வீடு இருக்கிறது. தொழில் புத்தியும் கூடவே திரும்பியது.

"புதுக் கணக்குக்கும் பன்னிரண்டு வார்த்தை இருக்குமே. எங்க எழுதி வச்சிருக்கே?"

"எழுதலை. எழுதி வைக்கறதுதான் ஆபத்துன்னு சார் சொன்னாரு. மனசுல இருக்கு."

"ஐயோ! மறந்துட்டா?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து நீங்க பேசின பேச்சுல ஒரு வார்த்தையாவது நான் மறந்திருக்கேனா?"

உலகத்தில் இதைவிடப் பத்திரமான பெட்டகம் கிடையாது என்பது மூன்று ஆண்களுக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

சாவிக்காரர் கடைசியாக ஒன்று கேட்டார். வீடு, மெஷின், நாற்காலி எதுவும் இல்லை. குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்.

"அன்னிக்கு நான் அந்தக் காசு வாங்கினது சரிதானே? அதை மட்டும் உங்க அண்ணன் முன்னாடி ஒரு தடவை சொல்லிடும்மா."

"சொல்றேனே. நான் மூணு வருஷம் கையால துவைச்சேன். நீங்க மூணு வருஷம் காயப் போடுங்க. அப்புறம் அண்ணனைக் கூப்பிட்டு வச்சுச் சொல்றேன்."

பின்கட்டில் மெஷின் துவைத்து முடித்துக் கீச்சுக் கீச்சென்று கூப்பிட்டது. ஊரில் எந்தப் பூட்டையும் மூன்று நிமிடத்தில் திறக்கிறவர் எழுந்தார். ஈரத்துணி நிறைந்த கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் நஞ்சம் மிச்சமிருந்த கம்பீரத்தோடு மொட்டைமாடிப் படியில் ஏறினார்.

பாதிப் படியில் இருக்கும்போது கீழேயிருந்து குரல் வந்தது.

"ஏங்க, கிளிப்பை மறந்துட்டீங்க!"