இரண்டும் இடது கால்

முட்டி வலித்தால் வயசு, மூச்சு வாங்கினால் வயசு, சாம்பாரில் உப்பு கூடினாலும் வயசு. அறுபது தாண்டிய பெண்ணுக்கு எல்லோரும் சொல்லும் காரணம் இது ஒன்றுதான். நான் இதை ஒப்புக்கொண்டதே இல்லை. (அதனால் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.)

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு ஜோடி பார்க்கும் வேலை. இடதும் வலதும் ஒரே நிறமா, ஒரே சைஸா என்று பார்த்துப் பெட்டிக்கு அனுப்ப வேண்டும். ரிட்டயரான பிறகும், 'எஸ்தரம்மா கண்ணுக்கு எதுவும் தப்பாது' என்று என்னை நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்போதுதான் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியத் தொடங்கியது. எங்கள் ஊர் மாதனூரில் காத்திருந்தால் இரண்டு கம்பெனி பஸ் வரும். ஒரு கண்ணை மூடினால் ஒன்றாகிவிடும். ஆகவே மூடிக்கொண்டேன். பஸ் டிரைவர் என்னைப் பார்த்து வெட்கப்படத் தொடங்கும்வரை இதில் ஒரு குறையும் இல்லை.

"டாக்டர்கிட்ட போலாம் எஸ்தரு" என்றார் என் கணவர்.

போனால், கண் போச்சு என்று வேலையைப் பிடுங்கிவிடுவார்களே! "எனக்கு ஒண்ணும் இல்ல, நீங்க பேப்பர் படிங்க" என்றேன்.

எங்கள் ஷூவை வாங்கும் பையர் வெளிநாட்டிலிருந்து வந்தார். அவர் முன்னால் ஒற்றைக் கண்ணோடு நிற்க முடியுமா? இரண்டையும் அகலத் திறந்துகொண்டு, பக்கத்தில் ஷமீம் அடுக்கிக்கொண்டிருந்த பெட்டியை எட்டிப் பார்த்தேன். உள்ளே இரண்டு ஷூ. இரண்டும் இடது கால்.

"இன்னாடி ஷமீம் இது? ரெண்டும் லெஃப்ட்டு! தூங்கினே பேக் பண்றியா?"

நான் போட்ட சத்தத்தில் லைனே நின்றது. மேனேஜர் ஓடிவந்தார். ஷமீம் கையில் வலது கால் ஷூ. அதற்குள் காகிதம் திணித்துக்கொண்டிருந்தாள் பாவம்.

"யக்கா, பொட்டில ஒண்ணுதான்க்கா இருக்கு."

"எனக்கேவா?" என்று இரண்டாவது ஷூவை எடுத்துக் காட்டக் கை நீட்டினேன். வெறும் அட்டை. சற்றுத் தள்ளிப் பிடித்தேன். மறுபடியும் அட்டை. பையர் மரியாதையாகச் சுவரைப் பார்த்தார்.

"போதும்மா" என்றார் மேனேஜர். "வயசாச்சில்ல, வீட்ல ரெஸ்ட் எடுங்க."

அழுகை வந்தது. அதைவிட ஜாஸ்தியாகக் கோபம் வந்தது. "ரெஸ்ட்டெல்லாம் வேணாம் சார். கண்ண காட்டிட்டு வர்றேன். என் டேபிள்ல வேற ஆளப் போட்ராதீங்க."

வேலூரில் கண் டாக்டர் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தார். "தனித்தனியா ரெண்டும் நல்லா இருக்கும்மா. சேர்ந்து வேலை செய்யத்தான் மாட்டேங்குது."

எங்கள் குடும்ப வாழ்க்கையை இவரிடம் யார் சொன்னது என்று கணவரைப் பார்த்தேன்.

"ரெட்டையா தெரிஞ்ச அன்னைக்கே வந்திருக்கணும். சில பேருக்கு இது பெரிய வியாதிக்கு அறிகுறி" என்று டாக்டர் திட்டினார். (அதை மட்டும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டேன்.) இரண்டாகத் தெரிவதை ஒன்றாக்கும் பிரிசம் வைத்த கண்ணாடி கொடுத்தார். பேனா முனையைப் பார்த்துக்கொண்டே மூக்கருகே கொண்டுவரும் பயிற்சியும் சொன்னார். வீட்டில் நான் அதைச் செய்யும்போது என் பேரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். சிரிக்கட்டும்.

கண்ணாடி பழகியதும் கம்பெனிக்குப் போனேன். "கலந்து வைங்க சார், பார்க்கலாம்" என்றேன். மேனேஜர் ஷூக்களைக் கலைத்துப்போட்டார். எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தேன். ஒரு ஜோடியை மட்டும் ஒதுக்கி, "இதுல வலது கால் கலர் கொஞ்சம் கம்மி" என்றேன். அவர் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நாற்காலியை என் பக்கம் தள்ளினார். ஷமீமிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

இன்றுவரை வீட்டில் நான் குரலை உயர்த்தினால் போதும், என் கணவர் தனியாக உட்கார்ந்துகொண்டு, "எங்க ரெண்டு பேர்ல யாரத் திட்டுற?" என்பார்.

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சொல்வேன்: "ரெண்டு பேரையும்தான்."