பரமேஸ்வரனின் இருபத்திரண்டு கிலோ

மனித குலத்தின் முன்னேற்றத்தை எழுதப்போகிறவர்கள் இனிமேல் நெடுங்கேணிக்கு அப்பால், காட்டோரத்துக் கடைசி வளவின் உழவு மெசின் கொட்டிலில் இருந்துதான் தொடங்கவேண்டும். அங்கேதான் பரமேஸ்வரன் பழைய இரும்பிலிருந்து 'நவீன உடற்பயிற்சி நிலையம்' படைத்தார்.

சும்மா சொல்லக்கூடாது, மூளைசாலி. லாண்ட்மாஸ்டர் உழவு மெசினின் சில்லு இரண்டையும் ஒரு பைப்பில் கோர்த்தார், பாரந்தூக்கி ஆகிவிட்டது. கிணற்றுக் கப்பியைக் கழற்றி நெஞ்சு விரிக்கும் இயந்திரம் செய்தார். பஸ்ஸின் வில்லுத்தகடு எதற்கென்று அவருக்கே தெரியாது, ஆனால் அது இல்லாமல் நிலையம் நிறைவுபெறாதாம்.

இயந்திரத்துக்கு நல்ல பாரம் ஒன்றுதான் குறை. அது வாசல் பாலை மரத்தில் தொங்கியது: ஒரு முழத் தண்டவாளத் துண்டு. யானை வந்தால் காட்டோரத்து வளவுக்காரர் முதலில் அதை அடிக்கவேண்டும். கேட்டு அடுத்த வளவு தன் இரும்பை அடிக்கும். அப்படியே ஊர் முழுக்க யானை விரட்டும் வெடியோடு வெளிக்கிடும். பரமேஸ்வரன் அதை நெல்லுத் தராசில் வைத்துப் பார்த்தார். இருபத்திரண்டு கிலோ.

"அதில கை வைக்காதேங்கோ," என்றாள் மனைவி சிவரூபி. "நாப்பது வாழையும் குலை தள்ளி நிக்குது. வெள்ளிக்கிழமை வெட்டி வித்தாத்தான் குசினிக்குக் கூரை."

"உலகம் மாறிட்டுதப்பா. 'யானை எச்சரிக்கைக் குழு' எண்டு வாட்சப்பில திறந்திருக்கிறன். நூற்றிப் பதினாலு பேர். ஒருக்காத் தட்டினாக் காணும், எல்லாருக்கும் போயிடும்."

"வளவுக்குள்ள சிக்னல் இல்லை. குளக்கட்டுக்கெல்லோ போகோணும்."

"போறதும் பயிற்சிதானே," என்றார் பரமேஸ்வரன், தண்டவாளத்தை இயந்திரத்தோடு வெல்டிங் பிடித்தபடி.

கப்பி போன கிணற்றில் கையால் தண்ணீர் அள்ளி வாழைக்கு ஊற்றினாள் சிவரூபி. அது பயிற்சிக் கணக்கில் சேரவில்லை.

புதன்கிழமை பின்னேரம் திறப்புவிழா. உடல்நலத் திட்ட அலுவலர் தாட்சாயினி கேள்விப் படிவத்தோடு வந்தார். உறுப்பினர்கள் ஆறு பேர் சேட்டைக் கழற்றி நெஞ்சைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். "பலமான உடம்பே ஊரின் காவல்," என்று பரமேஸ்வரன் முழங்கும்போது பின்வேலி படாரென்றது. வாழைக்குள் யானை.

ஆறு விரிந்த நெஞ்சுகளும் ஒரே நேரத்தில் வீட்டுக் கதவுக்குள் நுழைந்தன. பரமேஸ்வரன் போனோடு குளக்கட்டுக்கு ஓடினார். செய்தி போனது. முப்பத்தேழு கும்பிட்ட கைகள் வந்தன. ஒருவர் மட்டும் 'எந்த ஊர்?' என்று விசாரித்தார்.

திரும்பி வந்தபோது கொட்டிலுக்குள் டொக், டொக் என்று கேட்டது. சிவரூபி கோடரியின் பின்பக்கப் பிடங்கால் தண்டவாளத்தை அடித்துக்கொண்டிருந்தாள். தொங்குகிற இரும்புதான் ஊருக்குக் கேட்கும். வெல்டிங் பிடித்த இரும்பு பக்கத்து வளவுக்குக்கூடக் கேட்காது. அவளுடைய முகத்தைப் பார்க்கப் பரமேஸ்வரனுக்கு வெட்கமாக இருந்தது. யானை நாற்பது வாழையையும் ஆறுதலாக, அவசரப்படாமல் முடித்துவிட்டுத்தான் போனது.

வீட்டுக் கதவு திறந்து, ஆறு பேரோடு தாட்சாயினியும் வெளியே வந்தார். கடமை தவறாதவர்.

"கடைசிக் கேள்வி, அண்ணை. இந்த நிலையத்தால இதுவரை உடம்பு தேறின ஆக்கள் எத்தினை பேர்?"

பரமேஸ்வரன் ஆறு பேரையும் பார்த்தார். அவர்கள் கழற்றிய சேட்டைத் தேடினார்கள்.

"ஒராள் எண்டு எழுதுங்கோ, பிள்ளை," என்றாள் சிவரூபி, கோடரியைக் கீழே வைத்துவிட்டு. "வயிறு நிறைய வாழை திண்டு தேறிக் காட்டுக்குப் போயிட்டார். அவருக்கு வழி திறந்துவிட்டது என்ர மனிசன். அதையும் எழுதுங்கோ."