லேசாக ஒரு கை வைப்பவர்

இன்று நான் உங்களுக்கு அறிமுகப்படுத்தப்போகும் பிறவிக்குக் கொம்பு கிடையாது, வால் கிடையாது, ஆளைக் கடிக்கவும் கடிக்காது. நீங்கள் பாட்டுக்கு ஒரு காரியத்தைச் செய்துகொண்டிருப்பீர்கள். மெதுவாகத்தான் செய்வீர்கள், கோணலாகத்தான் வரும், ஆனால் செய்துகொண்டிருப்பீர்கள். அப்போது உங்கள் தோளுக்குப் பின்னால் சோப்பு வாசனையோடு ஒரு பெருமூச்சு கேட்கும். "லேசா ஒரு கை வைக்கட்டுமா?" என்று ஒரு குரல் வரும். கேள்விதான். ஆனால் பதிலுக்குக் காத்திருக்கும் கேள்வி இல்லை. நீங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் கை வைத்தாயிற்று.

இந்த ரகம் எல்லா ஊரிலும் உண்டு என்றாலும், கொழுகொழுவென்று வளர்வது எங்களைப் போன்றவர்கள் கூடும் இடத்தில்தான். எங்களைப் போன்றவர்கள் என்றால் கை வராதவர்கள், கால் வராதவர்கள், கண் தெரியாதவர்கள், வயதானவர்கள். துறைமுகத்துக்கு மேலே மேட்டில் எங்கள் பகல் இல்லம் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு வேன் வந்து வீடு வீடாக எங்களைப் பொறுக்கிக்கொண்டு போகும். ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், குளிப்பாட்டுவார்கள், சோறும் மீனும் மிசோ சூப்பும் போடுவார்கள். செவ்வாய், வியாழன் மத்தியானம் கலை வகுப்பு. என் பெயர் ஒரிஹாரா. வயது எழுபத்தாறு, இடுப்பில் பாதி இரும்பு. முப்பத்தெட்டு வருஷம் சலூன் வைத்து ஊர்க்காரர்களுக்கு முடி வெட்டியவள். அந்தத் தொழிலில் வெட்டக் கற்றுக்கொள்ள ஒரு வருஷம் போதும். கத்தரிக்கோலை எப்போது கீழே வைப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் மிச்ச முப்பத்தேழும்.

எங்கள் இல்லத்துக்கு வாய்த்தவர் கனெமட்சு அம்மா. பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், மூன்று வருஷமாகக் கலை வகுப்பில் தொண்டு செய்கிறார். அவரைக் கெட்டவர் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். மழையோ பனியோ, வராமல் இருந்ததில்லை. அவர் ஏப்ரனில் எட்டுப் பைகள். பசை, குட்டிக் கத்தரிக்கோல், ஈரத்துணி, நாங்கள் அழுதால் துடைக்க ஒரு கைக்குட்டை, நாங்கள் அழாவிட்டால் அவரே அழுதுகொள்ள இன்னொன்று. கெட்டவராக இருந்திருந்தால் முதல் மாதமே துரத்திவிட்டிருப்போம். நல்லவரை எப்படித் துரத்துவது? உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

ஷின்பெய்க்கு முப்பது வயது. பிறந்ததிலிருந்து சக்கர நாற்காலி. அவன் வரைவதெல்லாம் குளிர்பானம் விற்கும் தானியங்கிப் பெட்டிகள்தான், அதில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கத்தில் மறுநாள் ஒரு செர்ரி மரம் பூத்திருக்கும். "பாவம், வெறிச்சுன்னு இருந்துச்சு" என்பார் கனெமட்சு அம்மா. கண் தெரியாத தொகுஹிசா அண்ணன் மீன் சந்தையில் ஐம்பது வருஷம் ஆக்டோபஸ் விற்றவர். ஒருநாள் களிமண்ணில், தடவித் தடவி, எட்டுக் கைகளோடு ஒன்றைப் பிடித்து வைத்தார். அதைப் பார்த்த கனெமட்சு அம்மாவின் கண் கலங்கிவிட்டது. அடடா, இத்தனை காதா, என்று ஆறு கைகளைப் பிய்த்துவிட்டு மிச்சம் இரண்டை நிமிர்த்திவிட்டார். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிவது உண்டு. அது அவரவர் கைக்கோளாறு. இது அடுத்தவர் கை. அண்ணன் தடவிப் பார்த்தார்.

"ஒரிஹாரா, என் ஆக்டோபஸ் எங்க?"

"முயலா ஆயிடுச்சுண்ணே."

"நான் முயலைத் தொட்டதே இல்லையேம்மா" என்றார். பிறகு கனெமட்சு அம்மா நிற்கும் பக்கமாகத் திரும்பி, இடுப்பு வரை குனிந்து நன்றி சொன்னார்.

ஏன் யாருமே ஒரு வார்த்தை கேட்கவில்லை என்கிறீர்களா? அங்கேதான் எங்கள் ஊர்ப் பெருமை இருக்கிறது. 'வேண்டாம்' என்று முகத்துக்கு நேரே சொன்னவனை எங்கள் தெருவில் மூன்று தலைமுறைக்கு மறக்கமாட்டார்கள். அது மட்டுமா? ஒருவர் உபகாரம் செய்துவிட்டால் பதிலுக்கு ஏதாவது கொடுத்தே ஆகவேண்டும், அதுவும் அழகான காகிதத்தில் சுற்றி. ஆக, செர்ரி மரம் பூத்த மறுநாள் ஷின்பெயின் அம்மா பூரணம் வைத்த மான்ஜு பலகாரம் ஒரு பெட்டி கொண்டுவருவார். முயல் பிறந்ததற்கு அண்ணன் வீட்டிலிருந்து அவித்த மான்ஜு, சுட்ட மான்ஜு என்று இரண்டு பெட்டி. படம் எவ்வளவு பாழோ பெட்டி அவ்வளவு பெரிது. கனெமட்சு அம்மா அதையெல்லாம் எண்ணிப் பார்த்து, ஜனங்களுக்குத் தன்மேல் எவ்வளவு பிரியம் என்று உருகிப்போய், அடுத்த வியாழக்கிழமை இன்னும் அரைமணி நேரம் முன்னதாகவே வந்துவிடுவார்.

இவ்வளவும் சிரிப்போடு போய்விட்டிருக்கும். நுகுயி அண்ணன் விஷயம் வராமல் இருந்திருந்தால்.

நுகுயி அண்ணன் வளைகுடாவில் படகு ஓட்டியவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கையையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு சத்தம்: "ஹோ." சந்தோஷத்துக்கும் அதுதான், கோபத்துக்கும் அதுதான். மேட்டுத் தெரு வீட்டில் தனியாக இருக்கிறார். வாசலில் ஒரு பெர்சிமன் பழமரம். ஒரே மகள் மிட்சுயே நகோயாவில். தங்கமான பெண். அப்பாவுக்காக ஓர் அறையைக் காலி செய்து, கட்டில் போட்டு, சுவரில் கைப்பிடி அடித்து வைத்திருக்கிறாள். வாராவாரம் தொலைபேசியில் கூப்பிடுவாள். இவர் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு மாட்டேன் மாட்டேன் என்று தலையை ஆட்டுவார். அது நகோயாவுக்குக் கேட்குமா? நேரில் வந்து கேட்டால் "ஹோ" என்பார், "சரிங்கிறாரு" என்று அவளே அர்த்தமும் சொல்லிவிடுவாள். நவம்பரில் ஊர்க் கலைவிழா. எங்கள் கண்காட்சியைப் பார்த்துவிட்டு, அன்றைக்கே வீட்டைப் பூட்டி அப்பாவை அழைத்துப் போகிறேன் என்று இல்லத்தில் சொல்லியாயிற்று.

அதன்பிறகு அண்ணன் ஒரு படம் செய்யத் தொடங்கினார். வண்ணக் காகிதத்தைக் கையால் கிழித்து ஒட்டும் படம். ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு இடது கையால் கிழிப்பார். ஒரு துண்டுக்குக் கால் மணி நேரம். ஐந்து வாரம் ஆயிற்று. மேட்டு வீடு, பெர்சிமன் மரம், திறந்த கதவு. கதவருகே நரைத்த தலையோடு ஓர் ஆள், கையை உயர்த்தி நிற்கிறார். கீழே சாலையில் ஒரு வெள்ளைக் கார் போகிறது, அதில் சிவப்புச் சால்வை போட்ட ஒரு பெண் மட்டும். முடித்ததும் படத்தை என் பக்கம் திருப்பினார். காரைக் காட்டி, போ என்பதுபோல் கையை வீசினார். நரைத்த தலையைத் தொட்டு, மேஜைமேல் இரண்டு தட்டுத் தட்டினார். நீ போம்மா, நான் இங்கேதான். இரண்டு வருஷமாக வாயில் சிக்கிக் கிடந்தது காகிதத்தில் வந்துவிட்டது.

வியாழக்கிழமை அவர் குளிக்கப் போயிருந்தார். கனெமட்சு அம்மா வந்தார், பார்த்தார், பெருமூச்சு விட்டார். "தனியா நிக்கிறாரே, பாவம்" என்றார். ஈரத்துணியால் ஒற்றி நரைத்த தலை ஆளைப் பக்குவமாக உரித்தெடுத்து, காரில் மகளுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். திறந்த கதவுமேல் பழுப்புக் காகிதம் ஒட்டிச் சாத்தினார். பெர்சிமன் மரத்தில் செர்ரிப் பூ பூக்கவைத்தார். "இப்பப் பாருங்க ஒரிஹாரா அக்கா, சந்தோஷமா இருக்கு இல்ல?" என்று என்னிடம் காட்டினார்.

உன் வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்பீர்கள். மான்ஜு இருந்தது. அதை விழுங்கிவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். முப்பத்தெட்டு வருஷம் கண்ணாடிக்கு முன்னால் சொல்லிப் பழகிய வாய். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் குளித்துவிட்டு வருவதற்குள் படத்தை அட்டையில் ஏற்ற எடுத்துப் போய்விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் மண்டபத்தில் கண்காட்சி. 'மனங்கள் கைகோக்கும் கலை' என்று வாசலில் கொட்டை எழுத்தில் பலகை. பதினெட்டுப் படங்கள், பதினெட்டிலும் செர்ரி. ஒவ்வொன்றுக்கும் கீழே கனெமட்சு அம்மாவின் முத்து முத்தான கையெழுத்தில் தலைப்பு. நுகுயி அண்ணன் படத்துக்குக் கீழே, 'மகளோடு புறப்படும் நாள்'.

மிட்சுயே பெரிய பெட்டி மான்ஜுவோடு வந்தாள். படத்தைப் பார்த்தாள், தலைப்பைப் படித்தாள், அப்படியே அழுதுவிட்டாள். "அப்பா, வர்றேன்னு நீங்களே சொல்லிட்டீங்களே" என்றாள். யார் உதவியது என்று விசாரித்து, கனெமட்சு அம்மாவுக்கு முன்னால் குனிந்து பெட்டியைக் கொடுத்தாள். கனெமட்சு அம்மா இரண்டாவது கைக்குட்டையை எடுத்தார். பின்னாலேயே ஊன்றுகோலோடு வந்த அண்ணன் அப்போதுதான் படத்தைப் பார்த்தார்.

"ஹோ" என்றார்.

"சந்தோஷப்படுறாரு" என்றாள் மிட்சுயே.

அவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு இடது கையைத் தூக்கினார். காருக்குள் இருந்த ஆளின் ஓரத்தில் நகத்தை வைத்துச் சுரண்டினார். கிழிந்துவிடும் ஐயா, நான் லேசாக, என்று கனெமட்சு அம்மா ஓடிவந்தார். மிட்சுயே, "விடுங்கப்பா, நான் எடுத்துத் தர்றேன்" என்று அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அண்ணன் மகள் கையைத் தட்டிவிட்டார். மண்டபம் முழுக்கக் கேட்டது.

அப்போதாவது நான் வாயைத் திறந்தேனே, அந்த மட்டும் லாபம். மூன்று நாள் தாமதம். "அவர் அந்த ஆளை அங்க ஒட்டலம்மா. அவரை விடுங்க, அவரே செய்யட்டும்" என்றேன்.

செய்தார். சுரண்டினார், நின்றார், மூச்சு வாங்கினார், மறுபடி சுரண்டினார். உடம்பு வந்தது, தலை தனியாகக் கழன்று தரையில் விழுந்தது. மிட்சுயே பாதி குனிந்துவிட்டு, அப்படியே நின்றாள். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் நடுங்க, அங்குலம் அங்குலமாக இறங்கி, மூன்று தடவை விரலில் சிக்காமல் நான்காம் தடவை அந்த நரைத்த துணுக்கை எடுத்தார். எழுந்திருக்க அதைவிட நேரமாயிற்று. பழுப்புக் கதவைக் கிழித்தார். எச்சில் தொட்டு, முதலில் உடம்பு, பிறகு தலை. தலை கோணிக்கொண்டு நின்றது. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு நிமிடம் ஓடியிருந்தது. பிறகு காரைக் காட்டிக் கையை வீசினார். கதவைத் தொட்டு இரண்டு தட்டு.

மிட்சுயே காரில் இருந்த சிவப்புச் சால்வையை விரலால் தொட்டாள். "நான் மட்டும் போகணுமாப்பா?"

"ஹோ."

இந்தத் தடவை அவள் அர்த்தம் சொல்லவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரிப்பா, நான் போறேன். நீங்க இங்கயே இருங்க" என்றாள்.

கனெமட்சு அம்மா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கோணல் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது கை தானாக அதை நோக்கி எழுந்தது. பாதி வழியில் இடது கை அதைப் பிடித்து நிறுத்தியது. மூன்று வருஷத்தில் அவர் எங்களுக்குச் செய்த முதல் உதவி அது.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். அடுத்தவர் வாக்கியத்தை நீங்கள் முடித்துவைப்பதில்லை, குழந்தை போடும் பொத்தானைப் பிடுங்கி நீங்களே மாட்டிவிடுவதில்லை. ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தத் தலை தரையில் விழுந்ததே, அவர் முழங்கால் நடுங்க இறங்கினாரே, மூன்று தடவை தவறவிட்டாரே, அப்போது யாராவது அதைச் சட்டென்று எடுத்துக் கொடுத்துத் தொலைக்கக்கூடாதா என்று உங்களுக்கும் கை பரபரத்ததா, இல்லையா?

பொய் சொல்லாதீர்கள். கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.