மக்கள்தொகை: ஒன்று

அன்பு மிகுந்த மைத்துனருக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்காவும் நலம். அவள் முழங்கால் மட்டும் நலமில்லை. அங்கே நீங்களும் தங்கையும் பிள்ளைகளும் நலம்தான் என்று நானே முடிவு செய்துகொண்டு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பஸ் கிளம்ப அரை மணி நேரம்தான் இருக்கிறது. ஆமாம், பஸ்! எங்கள் ஊரில்! கண்ணைத் தேய்த்துக்கொள்ள வேண்டாம், சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

மெயின் ரோட்டுக்கு ஏழு கிலோமீட்டர் நடக்க முடியாமல் உங்கள் அக்கா மூன்று வருடமாக உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. உங்களோடு போனில் பேசி வைத்தால் அன்றைக்குக் குழம்பில் உப்பு இருக்காது, அல்லது இரண்டு பங்கு இருக்கும். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்த கை சும்மா இருக்குமா? பஸ் கேட்டு மனு மேல் மனு போட்டேன். ஒருவழியாகப் பதில் வந்தது: ஒரு நாள் சோதனைக்கு பஸ் வரும், அன்றே ஓர் அதிகாரி வந்து தலை எண்ணுவார், நூறு பேர் இருந்தால் தினமும் ஓடும். நாங்கள் நூற்றுப் பதினேழு பேர்!

இன்று காலை பஸ் வந்தது. மாப்பிள்ளை, அதை எப்படிச் சொல்வேன்! வளைவில் திரும்பி நின்றது பாருங்கள், எங்கள் தெருவே சின்னதாகிவிட்டது. கதவு யாரும் தொடாமல் 'புஸ்' என்று தானே திறந்தது. மளிகைக்கடைக்காரர் ரெண்டு அடி பின்னால் போய்விட்டு, "ஒரே ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாமே" என்றார். அவ்வளவுதான், அடுப்பையும் கடையையும் பாதிச் சவரத்தையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஊரே ஏறியது.

"எல்லாரும் எங்கங்க போறீங்க?" என்றார் கண்டக்டர்.

"எங்கயும் இல்லங்க, சும்மா பஸ்ல போறோம்."

எப்படி ஏறினோம் என்று கேட்காதீர்கள்; என் மடியில் தபால்காரர் இருந்தார். ஆனால் ஒன்று சொல்கிறேன். இந்த எழுபது வயதில் இன்றுதான் எங்கள் ஊரை மொத்தமாக ஒரே இடத்தில் பார்த்தேன். பத்து வருடமாகப் பேசாத பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உங்கள் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து சின்னப் பெண்ணாகச் சிரித்தாள். இத்தனை பேரா நாம் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

மெயின் ரோடு வரை போய்த் திரும்பினால், குறுக்குப் பாதையில் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்ட அதிகாரி தெருமுனையில் நிற்கிறார்.

"எண்ணி முடிச்சாச்சு" என்றார்.

"மொத்தம் எத்தனைங்க?"

"ஒண்ணு. அவரும் தூங்கிட்டிருக்கார்."

தையற்காரர்! அந்த மனிதர் எதற்கும் எழுந்ததில்லை.

"ஐயா, மீதிப் பேர் பஸ்லதான் இருந்தோம்!"

"பஸ்ல இருந்தா ஊர்ல இல்லன்னுதானே அர்த்தம்?"

"இப்ப இறங்கிட்டோம், இப்ப எண்ணுங்க."

"இப்ப எண்ணினா பஸ்ல வந்து இறங்கின வெளியூர்க்காரங்கன்னுதான் எழுதணும்."

முப்பது வருட ஆபீஸ் அனுபவத்தில் இப்படி ஒரு கணக்கை நான் பார்த்ததில்லை. அதிகாரி கையெழுத்தே போட்டுவிட்டார். இந்த பஸ் திரும்பிப் போவதோடு சரி, இனி வராது.

ஆகையால் கெஞ்சிக் கேட்கிறேன், ஏழு கிலோமீட்டரையும் நீங்களே நடந்து வந்து உங்கள் அக்காவோடு ஒரு நாளாவது இருந்துவிட்டுப் போங்கள். அவள் வீட்டுக்குள்ளே போய்விட்டாள்; அழுகிறாளோ என்னவோ, எட்டிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. தங்கைக்கு என் அன்பு. பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும் நிறைய பஸ்களோடும் வாழட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள், நீங்கள் வர வேண்டாம். தபாலில் சேர்க்கச் சொல்லிக் கண்டக்டரிடம் இதைக் கொடுக்கப் போனால், ஜன்னலோரம் பெட்டியோடு உங்கள் அக்கா! "திரும்பி வர பஸ் கிடையாதும்மா" என்றேன். "வர்றதுக்குத்தானே இல்ல? போறதுக்கு இருக்குல்ல? ஏறுங்க" என்றாள். ஏறிவிட்டேன். எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான். கடிதத்தை நானே உங்கள் கையில் தருவேன். எங்களைப் பார்த்ததும் எது வேண்டுமானாலும் கேளுங்கள், எப்போது ஊருக்குக் கிளம்புகிறீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.