அடுப்படியில் விழுந்த நடுப்புள்ளி

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. என் நலம் கெட்டுக் கிடக்கிறது. உங்கள் நலத்தை விசாரிக்கத் தேவையில்லை; என் அடுப்படிக்கும் உங்கள் கூடத்துக்கும் நடுவே ஒரே சுவர் என்பதால் நேற்று மாலை நீங்கள் மூன்று முறை தும்மியது வரைக்கும் எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நான் உங்கள் வாசலுக்கு வந்தால் உங்கள் தங்கை கதவைத் திறந்து, வந்தது நான்தான் என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, திரும்பச் சாத்திவிடுகிறாள். முந்தாநாள் மட்டும் இரண்டு தரம் சாத்தினாள். ஆகையால் தபாலில் சேர்க்கிறேன்.

நடந்ததை அவள் தன் பாணியில் சொல்லியிருப்பாள், நான் நடந்தபடியே சொல்கிறேன். எங்கள் நில அளவையாளர் சங்கத்தில் வடக்குக் கிளை, தெற்குக் கிளை என்று இரண்டு இருப்பது உங்களுக்குத் தெரியும். வடக்கில் நாங்கள் பதினொரு பேர், நான் செயலாளர். தெற்கில் ஒன்பது பேர், அவர்களுக்குச் செயலாளர் முக்காலி. அளவுக் கருவியை நிறுத்துகிற முக்காலியைக் கல்யாணத்துக்குப் போனால்கூடத் தோளில் சுமந்து போகிற மனுஷன், அதனால் அந்தப் பெயர். பதினைந்து பேருக்குக் குறைந்த கிளைகளை இந்த மாதக் கடைசியில் கலைத்துவிடுவோம், வேண்டுமானால் ஒன்றாகச் சேர்ந்து பிழைத்துக்கொள்ளுங்கள் என்று தலைமைச் சங்கம் எழுதிவிட்டது. சேருவதில் இருபது பேருக்கும் சம்மதம். எங்கே சேருவது என்பதில்தான் ரகளை. அவர்கள் வடக்கே வரமாட்டார்களாம். நாங்கள் மட்டும் தெற்கே போய்விடுவோமாக்கும்! கடைசியில் முக்காலி எழுந்து, "நாம அளக்கிறவங்கதானே? ரெண்டு ஆபீஸுக்கும் நட்டநடுவுல எந்த இடம் வருதோ, அங்கதான் புது ஆபீஸ். யாருக்கும் ஒரு அடி கூடவும் இல்ல, கொறையவும் இல்ல" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழுந்து நின்றே தட்டினேன், என் நேரம்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் தெற்கு அலுவலக வாசற்படியிலிருந்தும் நாங்கள் வடக்கு அலுவலக வாசற்படியிலிருந்தும் புறப்பட்டோம். கிளைக்கொரு நூறடி டேப்; எங்கள் பக்கத்துக்கு என்னுடையது. அவர்கள் ஒரு தரம் டேப் போட்டால் நாங்களும் ஒரு தரம் போட்டுவிட்டு, போனில் "ஒண்ணு", "இங்கயும் ஒண்ணு" என்று சொல்லிக்கொள்வது. நேர்கோடு என்றால் எங்களுக்கு நேர்கோடுதான். தெருவோடு வளைந்து போகிறதெல்லாம் மற்றவர்களுக்கு. தையல்கடைக்குள் புகுந்து பின்பக்கமாக வெளியே வந்தோம். பல் டாக்டர் அறையில் ஒருவர் வாயைப் பிளந்துகொண்டு சாய்ந்திருந்தார், அவர் மூக்குக்கு மேலே டேப் போயிற்று, "அசையாதீங்க" என்று டாக்டரும் நானும் ஒரே சமயத்தில் சொன்னோம். எண்ணிக்கை ஏற ஏற, இது எங்கேயோ பார்த்த வழியாக இருக்கிறதே என்று டேப்பை விட்டு வழியைப் பார்க்க ஆரம்பித்தேன். இருபத்துமூன்றாவது டேப் எங்கள் தெருமுனை. இருபத்துநான்காவது, என் கூடத்தைத் தாண்டி அடுப்படிக்குள் நுழைந்தது. அந்தப் பக்கம் தெற்குக் கிளை உங்கள் கூடத்துக்கு வந்து, நீங்கள் படித்துக்கொண்டிருந்த பேப்பரைக்கூட இறக்காமல் சாய்வு நாற்காலியில் காலை மட்டும் தூக்கிக்கொடுக்க, சுவரிலிருக்கிற காற்றுத் துவாரம் வழியாக டேப்பை நீட்டியது. இருபத்துநாலுக்கு இருபத்துநாலு. இரண்டு நுனியும் சந்தித்த இடம் எங்கள் அடுப்பின் இரண்டு பர்னருக்கும் நடுவில்.

உங்கள் தங்கை கரண்டியோடு நின்றாள். முக்காலி சுற்றிக்கொண்டு வந்து அடுப்பின்மேல் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டார். "தலைவர் மேஜை இங்கதான். அடுப்பை எடுத்துடலாம்."

"எடுத்து எங்க வைக்கிறது?"

"அது வீட்டுக்காரங்க விஷயம்மா."

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். திரையை மடித்துக் கட்டியிருக்கிற கோடு போட்ட மஞ்சள் நாடா நன்றாகத்தான் இருந்தது. பிறகு தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டேன். செயலாளர் போடாமல் வேறு யார் போடுவது? அவள் அடுப்பை அணைத்துவிட்டு, "உங்களுக்கு நான் வேணுமா, இந்த நடு வேணுமா?" என்றாள். "ரெண்டும் ஒரே இடத்துலதானே இருக்கு" என்றேன். சமாதானமாகத்தான் சொன்னேன். பையை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இன்றோடு நாலு நாள். மூன்று வேளையும் ரொட்டி. காலையில் எழுந்ததும் "டீ" என்று குரல் கொடுத்துவிட்டுப் பழக்கதோஷத்தில் காத்திருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சிரிக்கிற சத்தம் கேட்கிறது, அதுதான் தாங்கவில்லை. சங்கம் எனக்கு முப்பது வருஷம். அவளோடு முப்பத்தொன்று. இரண்டில் எதையும் விட முடியவில்லை, மைத்துனரே.

உங்களால்தான் ஆக வேண்டும். அன்றைக்குக் காற்றுத் துவாரம் வழியாக நீங்கள் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது: "பொதுக் காரியத்துக்கு வீட்டுல ஒரு எடம் குடுத்தா என்ன கொறைஞ்சு போயிடும்? நானா இருந்தா யோசிக்கவே மாட்டேன்." ஆகா, என்ன பெருந்தன்மை! அதையே அவளிடமும் ஒரு தரம் சொல்லி அனுப்பிவையுங்கள். வருகிற ஞாயிறு பத்து மணிக்கு இணைப்புக் கூட்டம்.

நீங்களும் வீட்டில் எல்லோரும் தும்மலின்றிச் சுகமாக இருக்க வேண்டுகிற,
தங்கள் தங்கை கணவன்,
செயலாளர், வடக்குக் கிளை.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் தங்கை மூக்குக்கண்ணாடியை எடுக்க வந்தாள். கடிதத்தைப் பிடுங்கிப் படித்தாள். "சாத்தினது ரெண்டு தரம் இல்ல, மூணு" என்று திருத்தினாள். அப்புறம் நேரே போய் ஜன்னலிலிருந்த மஞ்சள் நாடாவை அவிழ்த்து என் முன்னால் போட்டாள். அதிலிருந்த கோடெல்லாம் அங்குலக் கோடு! "ஆறு வருஷத்துக்கு முன்னாடி உங்க டேப் நுனியில ஒரு அடி வெட்டி, வளையத்தைத் திரும்பத் தச்சு வெச்சேன். தெனம் இதைப் பாத்துக்கிட்டேதானே டீ குடிக்கிறீங்க? நீங்க போட்டது நூறு இல்ல, தொண்ணூத்தொம்பது. இருபத்துநாலு தரத்துக்கு இருபத்துநாலு அடி கொறச்சல். ஆளுக்குப் பாதின்னா, நடு பன்னண்டு அடி தெக்கே போகணும்" என்றாள். முக்காலிக்குப் போன் போட்டேன். கணக்கு சரி என்றார். பன்னிரண்டு அடி தெற்கே என்பது சுவரைத் தாண்டி உங்கள் கூடத்தில் சாய்வு நாற்காலிக்கு நேர் கீழே வருகிறது. ஆகையால் மேலே கேட்ட உதவி வேண்டாம். "யோசிக்கவே மாட்டேன்" என்று நீங்கள் சொன்னதை அன்றைக்கே தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிவிட்டேன். ஞாயிறு காலை இருபது நாற்காலிகள் வந்து சேரும். இங்கே அடுப்பு எரிகிறது, டீ கொதிக்கிறது. சாய்வு நாற்காலியை எடுத்து எங்கே போடுவது என்று எங்களைக் கேட்க வேண்டாம். அது வீட்டுக்காரங்க விஷயம் என்று உங்கள் தங்கை எழுதச் சொல்கிறாள்.