மூலையை வெட்டிய மேப்புக்காரர்

ஊருக்கு ஒரு மேப்புக்காரர் உண்டு. உங்கள் ஊரில் இல்லையா? முதலில் வாட்ஸ்அப்பைத் திறந்து பாருங்கள், பிறகு பேசலாம்.

வாய்க்கால் போகும் வழி, வரப்போகிற புறவழிச்சாலை, போன புயலில் தண்ணீர் நின்ற தெரு, சுடுகாட்டுக்குக் குறுக்குப் பாதை, எல்லாம் இவர் போனில் இருக்கும். 'புதுசு', 'ரொம்பப் புதுசு', 'இதுதான் கடைசி', 'கடைசிக்கும் கடைசி' என்று பேர் வைத்திருப்பார். யார் அளந்தது, எப்போது அளந்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். முகம் சுருங்கிப் போகும்.

"இன்னா கேள்வி இது? மேப்புன்னா மேப்புதான்பா. கலர்ல இருக்கு பாரு!"

கலரில் இருந்தால் தீர்ந்தது. பிஸ்கட் பாக்கெட்டில் தேதி பார்க்கிறோம், இருமல் மருந்தில் பார்க்கிறோம். எந்த மண்ணை வெட்டலாம் என்று சொல்கிற மேப்புக்கு மட்டும் அப்பன் பேரும் வேண்டாம், பிறந்த நாளும் வேண்டாம்.

எங்கள் பாகூர்ப் பக்கத்து மேப்புக்காரர் புகழ்வேந்தன். பேனரில் முகம் இல்லாமல் காதுகுத்துகூட நடக்காத ஊர் இது. இவர் முகம் இல்லாமல் மேப்பு மட்டும் போய்விடுமா? கையில் ஒன்று கிடைத்ததும் முகத்துக்கு இடம் தேடுவார். வலது மூலையில் பொடி எழுத்தில் ஏதோ கட்டம் கட்டி எழுதியிருக்கும். யார் படிக்கப் போகிறார்கள்? வெட்டு அதை! அங்கே வெள்ளைச் சட்டையும் கூப்பிய கையுமாக இவர் நிற்பார், 'என்றும் அன்புடன்'.

போன மார்கழி மழையில் செல்வகுமாரியின் குத்தகை நிலம் மூழ்கியது. பால் பிடித்த நெல். கதிரின் கழுத்து வரை தண்ணீர். இரண்டு நாளில் வடியவில்லை என்றால் வைக்கோல்கூட மிஞ்சாது. பொக்லைன் வந்தது. ஓட்டுகிற சார்லஸ் இறங்கி, "எங்கண்ணா வெட்டணும்?" என்றான். புகழ்வேந்தன் போனை நீட்டினார். வயலிலிருந்து இரண்டு நீலக்கோடு. நீளமானது முழுக்கோடு, கிட்டத்தில் இருந்தது விட்டு விட்டுப் போட்ட கோடு.

"கிட்டக்க இருக்கறத வெட்டு."

"அது இன்னாண்ணா, வுட்டு வுட்டு இருக்குது?"

"டிசைன்பா, வெட்டு."

மத்தியானம் வரை வெட்டினார்கள். வெட்டின பள்ளம் ஒரு மனைப்பிரிவின் மண்மேட்டில் போய் முட்டி நின்றது. தண்ணீர் அந்தப் பக்கம் போகவில்லை. வழியில் இருந்த வயல்களின் தண்ணீரெல்லாம் அதே பள்ளத்தின் வழியாகத் திரும்பி செல்வகுமாரி நிலத்துக்கே வந்தது.

அவள் போனைப் பிடுங்கிப் பார்த்தாள். "இன்னாண்ணே, கட்டம் உன் சட்டைக்குள்ள பூந்து போவுது? உன் மூஞ்சிக்கு அடியில இன்னா இருந்துச்சி?"

தேடித் தேடி வெட்டாத மேப்பை எடுத்தார்கள். முகம் இருந்த இடத்தில் நாலு வரி. முழுக்கோடு ஓடுகிற வாய்க்கால். விட்டு விட்டு இருப்பது தூர்ந்துபோனது. இரண்டு வருடத்துக்கு முந்தைய சித்திரையில் நடந்து பார்த்து வரைந்தது. வரைந்தவர் லில்லி, போன் நம்பர் இது.

போன் போட்டார்கள். "அதான் மூலையில எழுதியிருந்தேனே அண்ணா! அப்புறம், அது ரெண்டு வருசத்து மேப்பு. முழுக்கோட்டு வாய்க்கால் மதக ஒரு தடவ நேர்ல பாத்துட்டுத் தொறங்க" என்றாள் லில்லி.

போய்ப் பார்த்தார்கள். மதகு வாயில் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தது. இழுத்துப் போட்டதும் தண்ணீர் வடிய ஆரம்பித்தது. மேட்டுப் பக்கத்து நெல் பிழைத்தது; பள்ளத்துப் பக்கம் படுத்ததுதான், எழவே இல்லை.

இப்போது மகளுக்கு என்று தரகர் மாப்பிள்ளை போட்டோ காட்டினால்கூட செல்வகுமாரி விடுவதில்லை. "எப்ப எடுத்தது? யார் எடுத்தது? மூலைய ஏன் வெட்டியிருக்கு?"

புகழ்வேந்தன் திருந்திவிட்டார், பொய் சொல்லக்கூடாது. எல்லா மேப்பிலும் தேதி போடுகிறார். அனுப்புகிற அன்றைய தேதி. மூலையையும் இப்போது தொடுவதில்லை. முகம் நடுவில் இருக்கிறது, ஏரிக்கு மேல்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். காலையில் 'தற்போதைய நிலவரம்' என்று பத்துப் பேருக்குத் தள்ளிவிட்டீர்களே ஒரு மேப்பு, அது எந்த மழையில் வரைந்தது? யார் வரைந்தது? தெரியாதா? போகட்டும். அதை நம்பி எவள் நிலத்தில் பொக்லைன் இறங்கியிருக்கிறது என்றாவது கேட்டு வையுங்கள்.